முயல் கடித்த செடி மட்டும் விழவில்லை

2023 செப்டெம்பர் மூன்றாம் வாரம். முன்வளவில் ஐந்து நியூ இங்கிலாந்து ஆஸ்டர் செடிகள். அவற்றில் நான்கு ஆளுயரம் வளர்ந்துவிட்டு, சரியாகப் பூக்கும் நேரம் பார்த்து நடைபாதையில் சரிந்து கிடந்தன. தபால்காரர் அவற்றைத் தாண்டிக் கால்வைத்து வந்தார். ஐந்தாவது செடி வேலியோரம் நின்றது. ஜூன் மாதம் முயல் அதைக் கடித்துத் தின்றபோது, இனி அது அவ்வளவுதான் என்று நான் கைவிட்டிருந்தேன். அந்தச் செடி இடுப்பளவு உயரத்தில், குடை விரித்தாற்போல, தடியோ முட்டோ இல்லாமல் நின்று உடம்பெல்லாம் ஊதாவாகப் பூத்திருந்தது.

தண்ணீர், பசளை, மருந்து என்று நான் பார்த்துப் பார்த்து வளர்த்தவை விழுந்துவிட்டன. யாரும் பார்க்காத ஒன்று நிற்கிறது. 2021 இலையுதிர் காலம் தொடங்கி 2024 இலையுதிர் காலம் வரை இந்த வளவில் என்ன நட்டேன், எங்கே பிழைவிட்டேன், எதை மாற்றியபோது எது மாறியது என்பதை எழுதிவைக்கிறேன். இதே செடியை வைத்துக்கொண்டு வருடாவருடம் கயிறு கட்டுகிறவர்களுக்கு உதவும்.

இடமும் மண்ணும்

வீடு ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் இருக்கிறது. முன்வளவு மேற்குப் பார்த்தது. கோடையில் மதியத்துக்குப் பிறகு ஆறு மணி நேர வெயில் கிடைக்கும். மண் அசல் களிமண். மழை பெய்தால் சப்பாத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் வெடித்துக் கிடக்கும். தெருவோரம் ஒரு நோர்வே மேப்பிள் மரம். அதன் அடியில் நிழலும் வேரும் அடைத்துக்கொண்டு புல்லைக்கூட வளரவிடாது.

பின்வளவு மாமியின் ஆட்சி. கத்தரி, மிளகாய், பயிற்றை, புடோல் என்று மே மாதக் கடைசியிலிருந்து அவருடைய நேரமெல்லாம் அங்கேதான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பழகிய கை. எரு, தண்ணீர், களை பிடுங்கல் மூன்றிலும் குறை வைக்கமாட்டார். எனக்குத் தோட்டம் பழக்கியவரும் அவரே. இந்தக் கதையில் நான் விட்ட பிழைகளில் பாதி அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை என்பதை அவருக்கும் சொல்லிவிட்டேன்.

2021: பெயர் இல்லாத செடி

முதல் ஆஸ்டரை ஒரு பெரிய கடையின் வாசலில் வாங்கினேன். ஒக்ரோபர் முதல் வாரம், சட்டி நிறையப் பூ. அட்டையில் 'ஆஸ்டர்' என்று மட்டும் எழுதியிருந்தது. கொண்டுவந்து நட்டேன். அடுத்த ஏப்ரலில் தளிர் எதுவும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர்க்கட்டி சட்டியின் வடிவம் மாறாமல் அப்படியே வெளியே வந்தது. ஒரு வேர்கூடப் பக்கத்து மண்ணுக்குள் போகவில்லை. பூத்து நிற்கும் செடி தன் பலத்தையெல்லாம் பூவில் போட்டிருக்கும். நட்டுச் சில வாரங்களில் நிலம் உறைகிறது. அப்புறம் உறைவதும் உருகுவதுமாக மண் அந்தக் கட்டியை மேலே தள்ளிவிடும். பல்லாண்டுச் செடியாக இருந்தாலும் இப்படி நட்டால் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

பெயர் விஷயமும் சாதாரணமானது இல்லை. தமிழ்நாட்டுப் பூச்சந்தையில் ஆஸ்டர் என்று விற்பது சீன ஆஸ்டர். அது ஓராண்டுச் செடி, பேரினமே வேறு. நான் சொல்லுவது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தானாக வளரும் பல்லாண்டுச் செடி, நியூ இங்கிலாந்து ஆஸ்டர். சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் இதுவும் ஒன்று. லினேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயரில் ஆஸ்டர் இருந்தது. கிரேக்கத்தில் அதற்கு நட்சத்திரம் என்று பொருள். 1990களில் தாவரவியலாளர்கள் வட அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்தெடுத்துச் 'சிம்ஃபியோட்ரைக்கம்' போன்ற வேறு பேரினங்களில் சேர்த்துவிட்டார்கள். நாக்குச் சுளுக்கும் பெயர்தான். ஆனால் கடையில் அட்டையைப் பார்த்துச் செடி வாங்கும்போது அந்தப் பெயரும் அதற்குப் பின்னால் வரும் இனப்பெயரும் இருந்தால்தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும்.

எரு போட்ட வருடம்

2022 மே மாதம், உள்நாட்டுச் செடிகள் மட்டும் வளர்க்கும் ஒரு சின்ன நாற்றங்காலில் பத்துக் கன்றுகள் வாங்கினேன். ஐந்து நியூ இங்கிலாந்து ஆஸ்டர், இரண்டு மழமழப்பான இலையுள்ள ஸ்மூத் ஆஸ்டர், மேப்பிள் நிழலுக்கு மூன்று இதய இலை ஆஸ்டர். எல்லாம் விரல் நீளம். பூவும் இல்லை, பார்க்க ஒரு களையும் இல்லை.

மாமி வந்து பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, றோட்டுக்கரைப் பத்தை மாதிரிக் கிடக்கு. உதையோ காசு குடுத்து வாங்கினது?"

"பூக்கும் மாமி. செப்டெம்பரிலை பாருங்கோ."

"பூக்கட்டும். களிமண்ணுக்கு எரு போடாமல் ஒண்டும் வராது."

போட்டேன். ஆட்டெரு ஆறு பை, பாத்தி முழுக்கக் கிளறி. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. செடிகள் மூன்றடி வளர்ந்து கொஞ்சம் பூத்தன. நவம்பரில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி, பழுப்புக் கடதாசிப் பையில் கட்டி வாசலில் வைத்தேன். வளவு துப்புரவாக இருந்தது, எனக்கும் திருப்தி.

நோய் என்று நினைத்தது

2023இல் அதே தூர்களிலிருந்து பத்து, பதினைந்து தண்டுகள் வந்தன. ஜூன் முடிவதற்குள் நான்கடி. அடுத்த வீட்டுக்காரர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். ஜூலை நடுவில் கீழ் இலைகள் பழுப்பாகிக் காய்ந்து, முழங்காலளவுக்குத் தண்டு வெறுமையாகத் தெரிந்தது. பசளை போதவில்லை என்று முடிவெடுத்துத் தக்காளிக்குப் போடும் பசளையைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீரும் போதாதோ என்று தினமும் மாலையில் குழாயால் மேலிருந்து தூவினேன். ஓகஸ்டில் இலைகளில் திருநீறு தூவியது போல வெள்ளை படிந்தது. சாம்பல் நோய். அதற்கும் ஒரு மருந்து அடித்தேன். செப்டெம்பரில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

சரி, இதில் எது நோய், எது வளர்ப்புப் பிழை?

கீழ் இலை காய்வது இந்த இனத்தின் சுபாவம். ஈரமான புல்வெளிகளின் செடி இது. கோடையில் வேர் காய்ந்தால் முதலில் கீழ் இலைகளைக் கைவிடும். காயாவிட்டாலும் தண்டுகள் நெருங்கி வெளிச்சம் கீழே எட்டாதபோது அவை உதிரும். நான் தினமும் தூவிய தண்ணீர் வேருக்குப் போகவே இல்லை. ஒருநாள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலம் சேறு, அதற்குக் கீழே ஓடு மாதிரி வறண்ட மண். ஆக, செடிக்குத் தாகம் தீரவில்லை. இரவெல்லாம் அதைச் சுற்றி ஈரக்காற்று மட்டும் நின்றது. வேரில் வறட்சி, இலையைச் சுற்றிப் புழுக்கம், நெருங்கிய தண்டுகள் என்ற மூன்றும் சாம்பல் நோய்க்குப் பிடித்தவை. எருவும் தக்காளிப் பசளையும் சேர்ந்து தண்டுகளை நீட்டி, சதைப்பிடிப்பாக, பலமில்லாமல் வளர்த்துவிட்டன. நுனியில் நூற்றுக்கணக்கான பூ, அதன்மேல் ஒரு மழை. விழாமல் என்ன செய்யும்?

மின்கம்பிகளுக்குக் கீழே

முயல் கடித்த செடியைப் பார்த்து நான் குழம்பி நின்ற அந்த வாரம் மெடோவேயில் நடக்கப் போனேன். டொன் நதிப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசிய நகரப் பூங்கா வரை, உயர் மின்கம்பிகளுக்குக் கீழே 16 கி.மீ. நீளத்துக்கு ஓடும் நிலம் அது. முன்பு புல் வெட்டிவைத்திருந்த வெறும் வெளி. 2018இல் தொடங்கிய திட்டத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய புல்வெளியாக மாற்றி வருகிறார்கள். ஸ்காபரோவில் இருந்துகொண்டு இந்த ஆஸ்டரைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அங்கே ஒரு ஆஸ்டர்கூடத் தனியாக நிற்கவில்லை. மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடி ஒரு பக்கம், நெஞ்சளவுப் புல் இன்னொரு பக்கம். இடையில் நெருக்கிக்கொண்டு ஆஸ்டர். உயரம் என் செடிகளின் உயரம்தான், ஆனால் சாய இடமில்லை. பக்கத்துச் செடி தோள் கொடுக்கிறது. கீழ்த்தண்டு அங்கேயும் வெறுமைதான். புல் அதை மறைத்துவிடுகிறது. எருப் போட்டவர் யாருமில்லை. நான் அந்தச் செடியை நாற்புறமும் வெறும் மண் விட்டு, பாத்திக் கத்தரி போல ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி நட்டு, ஊட்டி வளர்த்திருந்தேன்.

முயல் செய்த வேலை என்னவென்றும் அப்போதுதான் புரிந்தது. மாமி செவ்வந்திக்குச் செய்வதுதான் அது, கொழுந்து கிள்ளுதல். நுனி போனால் கீழே கணுக்களில் உறங்கும் மொட்டுகள் விழித்துக் கிளைக்கும். ஒரு தண்டு ஐந்தாறு கிளையாகும். உயரம் குறையும், பாரம் பரவும். செவ்வந்தியும் ஆஸ்டரும் ஒரே குடும்பம் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், இதற்கும் கிள்ளவேண்டும் என்று தோன்றவில்லை. காட்டுச் செடியைக் கிள்ளுவார்களா என்ற எண்ணம்.

2024இல் மாற்றியவை

ஏப்ரல் கடைசியில், தளிர் இரண்டு மூன்று அங்குலம் வந்தபோது தூர்களைக் கிளப்பினேன். வாழைத்தூர் பிரித்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. மண்வெட்டியால் நான்காகப் பிளந்து, கட்டைபட்ட நடுப்பகுதியை எறிந்துவிட்டு, வெளிச்சுற்றில் இருந்த, மூன்று முதல் ஐந்து தளிர் உள்ள துண்டுகளை 60 செ.மீ. இடைவெளியில் நட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பிரித்தால் தூர் நெரிபடாது. இடைவெளிகளில் லிட்டில் புளூஸ்டெம் புல்லும், பரவாமல் தூராகவே நிற்கும் விறைத்த தண்டுக் கோல்டன்ராட்டும் வைத்தேன். கனடாக் கோல்டன்ராட்டை மட்டும் சின்ன வளவுக்குள் விடாதீர்கள். நிலத்தடித் தண்டால் ஊர்ந்து வளவையே எழுதி வாங்கிவிடும். கோல்டன்ராட்டால் தும்மல் வரும் என்று அடுத்த வீட்டுக்காரர் பயந்தார். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, பூச்சிதான் அதைச் சுமக்கவேண்டும். அதே நேரத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களை பண்ணும் சேட்டைக்கு இது பழி சுமக்கிறது.

எரு இல்லை, பசளை இல்லை. மேப்பிள் சருகை அரைத்து மூடாக்குப் போட்டதோடு சரி. தொடர்ந்து மழையில்லாத வாரங்களில் ஒருநாள் காலையில், குழாயை மெல்லத் திறந்து ஒவ்வொரு தூரின் அடியிலும் சில நிமிடம் விட்டேன்.

கிள்ளல் இரண்டு தவணை. மே கடைசியில், ஓரடி வந்ததும் பாதியாக வெட்டினேன். ஜூன் கடைசி வாரத்தில் புதுக் கிளைகளின் நுனியை மூன்று அங்குலம் எடுத்தேன். அதோடு நிறுத்தவேண்டும். பகல் குறையத் தொடங்கியதும் செடி பூமொட்டுக்கான வேலையைத் தொடங்கிவிடும். இங்கே தோட்டக்காரர் கனடா தினத்தை, ஜூலை 1ஐ, எல்லையாக வைத்துக்கொள்வது அதனால்தான்.

இத்தனையையும் ஒரே வருடத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒரு துண்டை மட்டும் கிள்ளாமல் விட்டேன். மற்ற எல்லாம் அதற்கும் ஒன்றுதான். பசளையை நிறுத்தியது எவ்வளவு உதவியது, தூர் பிரித்தது எவ்வளவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கிள்ளலைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஜூலை 16 அன்று ரொறன்ரோவில் கொட்டிய மழை பலருக்கும் நினைவிருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 98 மி.மீ. பதிவானது, டொன் வாலி நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. மழை விட்டதும் நான் ஓடிப்போய்ப் பார்த்தது முன்வளவைத்தான். கிள்ளாத செடி புல்லின்மேல் சாய்ந்து கிடந்தது. கிள்ளியவை நனைந்த கோழி மாதிரி இருந்தாலும் நின்றன. செப்டெம்பரில் கிள்ளாதது ஐந்தரை அடி, மற்றவை மூன்றரை. கிள்ளாதது செப்டெம்பர் தொடக்கத்திலேயே பூத்தது. கிள்ளியவை பூக்க இன்னும் இரண்டு வாரம் எடுத்தன. நான் அதைக் குறையாக எண்ணவில்லை. இரண்டும் இருந்ததால் வளவில் பூ ஒக்ரோபர் நடு வரை நீண்டது. இப்போது வேண்டுமென்றே பின்வரிசையைக் கிள்ளாமல் விடுகிறேன்.

சாம்பல் நோய் ஓகஸ்ட் முடிவில் கொஞ்சம் வந்தது. மருந்து அடிக்கவில்லை. பருவக் கடைசியில் வருவது பார்வைக்குத்தான் கேடு, செடியைக் கொல்லாது. இலைகள் சிலவற்றில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் வந்தன. திருப்பிப் பார்த்தால் கண்ணாடிச் சரிகை போன்ற சிறகுள்ள மிகச் சின்னப் பூச்சி. அதையும் விட்டுவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் கை வையுங்கள். பூ பச்சையாக, கோணலாக வந்து, தண்டு விளக்குமாறு போலக் கொத்தாகினால் அது இலைத்தத்திகள் பரப்பும் மஞ்சள் நோய். அதற்கு மருந்து இல்லை, வேரோடு பிடுங்கிவிடவேண்டும். எனக்கு இதுவரை வரவில்லை.

மேப்பிள் நிழலில்

இதய இலை ஆஸ்டர் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் நான் அதற்கு ஒன்றுமே செய்யவில்லை. எரு மேப்பிள் வரை போகவில்லை, குழாய் எட்டவில்லை. மூன்று கன்றும் மூன்று வருடத்தில் பன்னிரண்டு பதின்மூன்றாகிவிட்டன. வெளிர் நீலத்தில் சின்னச் சின்னப் பூ, புகை போல. ரொறன்ரோவின் பள்ளத்தாக்குக் காடுகளில் தானாக நிற்கும் இனம், வறண்ட நிழல் அதற்குப் பழக்கம். வெயில் இல்லாத வளவுக்காரர் நியூ இங்கிலாந்து ஆஸ்டரோடு மல்லுக்கட்டாமல் இதை நடலாம். ஸ்மூத் ஆஸ்டர் இரண்டும் சாம்பல் நோய் தொடாமல் நேராக நிற்கின்றன. அடுத்த தடவை ஆரம்பிப்பதானால் வெயில் பக்கத்திலும் பாதியை இதற்கே கொடுப்பேன்.

வெட்டாமல் விட்ட தண்டுகள்

2023 நவம்பரில் தண்டு வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மாமிக்கு அது பொறுக்கவில்லை.

"சனம் என்ன சொல்லும்? வீட்டிலை ஆள் இல்லையெண்டு நினைக்கப் போகினம்."

அவர் சொல்லுவதில் நியாயம் இருக்கிறது. நட்டது என்று தெரியும்படி ஓரத்தில் ஒரு வரிசைக் கல்லும், நடைபாதையோரம் ஓரடி அகலத்துக்கு வெட்டிய புல்லும் வைத்தேன். அதன்பிறகு தெருவில் யாரும் கேட்கவில்லை. இந்த நகரத்தில் இது பழைய சண்டை. இயற்கைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண்மணிக்குப் புல்லும் களையும் உயர்ந்துவிட்டதென்று அபராதம் விதித்த வழக்கில், 1996இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அப்படிப்பட்ட தோட்டமும் கருத்து வெளிப்பாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது.

தண்டுகளை விட்டதற்குப் பலன் உண்டு. பனிக்கு மேலே நீட்டிய காய்ந்த தலைகளில் கோல்ட்ஃபின்ச் குருவிகள் தொங்கி விதை தின்றன. மே மாதத்தில் முழங்காலளவு விட்டு வெட்டினால், அந்தக் கட்டைத் தண்டுக்குள் சிலவகைத் தனித்தேனீக்கள் முட்டையிடும்.

விதையும் எடுத்தேன். உள்நாட்டு ஆஸ்டர் விதைக்கு ஈரத்தோடு கூடிய குளிர் சுமார் இரண்டு மாதம் வேண்டும். வசதியான வழி, ஜனவரியில் ஒளி ஊடுருவும் கலனில் மண் போட்டு, விதையை மேலாகத் தூவி, வெளியே பனியில் வைத்துவிடுவது. அமெரிக்கர் இதற்குப் பால் கலன் என்பார்கள். ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால் நான் தண்ணீர்க் கலன் தேடினேன். ஏப்ரல் கடைசியில் முளைத்தவற்றில் இருபத்து மூன்று தேறின. பெயர் வைத்த தோட்டக்கடை ரகங்களின் விதை தாய்ச்செடி போல வராது. அவற்றைத் தூர் பிரித்துத்தான் பெருக்கவேண்டும்.

2024 செப்டெம்பர் கடைசியில் ஒரு மதியம் மாமி கூப்பிட்டுக் காட்டினார். பூக்களில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள், ஒரே நேரத்தில் ஏழு. இங்கிருந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகள் 3,000 கி.மீ.க்கும் மேல். போகும் வழிக்கு வேண்டிய தேனை இந்தக் கடைசிப் பூக்களில்தான் நிரப்பிக்கொள்ளுகின்றன. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தைத் தேடி வாழ்நாளைச் செலவிட்ட ஃபிரெட் அர்குகார்ட், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படிப்பித்தவர். அவருடைய தேடலில் இணைந்த தன்னார்வலர்கள் 1975இல் அந்தக் காட்டைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் கொழுத்த பம்பிள் தேனீக்கள். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியே உறங்கப் போகும் இளம் ராணிகளும் அவற்றில் இருக்கும். பூவின் நடுவட்டம் சிலவற்றில் மஞ்சளாக, சிலவற்றில் செம்பழுப்பாக இருந்தது. மகரந்தம் சேர்ந்த பிறகு நிறம் மாறும், தேனீயும் மஞ்சளைத்தான் தேடிப் போகும். மாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "உதிலை ஒரு தூரைப் புடோல் பந்தலடியிலை வை" என்றார். அடுத்த ஏப்ரலில் வைத்தாயிற்று.

வேலியோரச் செடியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். 2024இல் அதை நான் கிள்ளவில்லை, முயல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். முயல் அந்த வருடம் ஜூனில் வரவில்லை, ஜூலை கடைசியில் வந்தது. வழித்துத் தின்றுவிட்டுப் போனது. செடி மறுபடி கிளைத்தது, மொட்டும் வைத்தது. ஒக்ரோபரில் முதல் உறைபனி விழுந்தபோது அந்த மொட்டுகள் இன்னும் பச்சையாக மூடியே இருந்தன.